கையில் ஏஸ் ஜோடி, எதிரில் சின்னவள்

பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை பார்த்ததால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. வேகமாகச் சொன்னால் பல்லக்கு என்று காதில் விழும். அவள் மாடியேறி வரும்போது, "பல்லக்கு வருது, தூக்க நாலு பேர் வாங்க" என்று அவள் புருஷனே கேலி செய்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டுகளை எல்லாம் சரிசெய்துவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வருகிற மனிதருக்கு அந்த அளவு கேலி செய்யவாவது உரிமை வேண்டும் என்று அவளும் விட்டுவிடுவாள்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. வாய் அளவெடுத்துச் செய்த சாந்து அச்சின் மேல் மெழுகை வைத்து, சிறிய கத்தியால் பல்லின் வளைவை இழைத்து எடுப்பாள். வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை உண்டு என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒருத்தர் வாய்க்குள் போய் உட்காரும் பல்லைச் செய்தவள் பெயர் யாருக்குத் தெரியப்போகிறது? நல்ல பல் என்றால் டாக்டருக்குப் பேர், கடித்தால் வலிக்கிறது என்றால்தான் கூடத்துக்குப் போன். பாராட்டு என்று அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான்.

கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு பொது அறை இருந்தது. அங்கே கிடந்த டேபிள் டென்னிஸ் மேசையில் வலையைக் கழற்றிவிட்டுப் போர்வையை விரித்து, ஏழெட்டுப் பேர் போக்கர் ஆடுவார்கள். பணம் வைப்பது கிடையாது. பிளாஸ்டிக் சில்லுகள்தான். கடைசியில் யார் கையில் எல்லாச் சில்லும் சேர்கிறதோ, அவர் பெயரை அறைக் கதவில் மாட்டியிருந்த சின்னப் பலகையில் சாக்பீஸால் எழுதுவார்கள். அடுத்த ஞாயிறு வரை அது அப்படியே இருக்கும். சைக்கிள் எடுக்க வருகிறவர்கள், குப்பை போட வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே போவார்கள். முக்கால்வாசி வாரம் அந்தப் பலகையில் பல்லக்கா என்றுதான் இருக்கும்.

ஆட்டம் லேசானது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டைத் திறப்பார்கள், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. கடைசியில் நல்ல சேர்க்கை வைத்திருப்பவருக்கு நடுவில் குவிந்தது போகும். பயந்தவர்கள் நடுவிலேயே சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். யாரும் ஒன்றும் கட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காக, சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே முறை வைத்து இரண்டு பேர் கட்டாயமாகச் சில்லு வைக்க வேண்டும். அதற்கு பிளைண்ட் என்று பேர். கையிலிருக்கும் சில்லு எத்தனை பிளைண்டுக்கு வரும் என்பதில்தான் ஒருத்தருடைய ஆயுசே இருக்கிறது.

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு பழைய பெட்டி. பாதிச் சில்லு தொலைந்துபோன பெட்டி. எல்லோருக்கும் பங்கிட்டால் ஆளுக்குப் பதினைந்து பிளைண்ட் தேறும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சச் சில்லு ஆட்டத்தில் பல்லக்காவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கையில் பெரிய ஜோடியோ, ஏஸும் ராஜாவுமோ வந்தால் ஒரு நொடி யோசிக்க மாட்டாள். உள்ளங்கையால் மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிடுவாள். சில்லு குறைவாக இருக்கும்போது அதுதான் சரி. அடுத்தடுத்த சீட்டைப் பார்த்துப் பதம் பார்த்து ஆடுவதற்குக் கையில் என்ன இருக்கிறது? எதிராளி பயந்து கவிழ்த்தால் நடுவில் கிடப்பது இவளுக்கு. துணிந்து வந்தால் அநேகமாக இவள் சீட்டுதான் மேலாக இருக்கும். அவள் தள்ளுகிற தோரணையைப் பார்த்தே, கூட ஆடுகிற டிரைவிங் ஸ்கூல்காரர் சீட்டைக் கீழே போட்டுவிடுவார்.

இப்படி இருக்கையில் கொழுந்தன் கல்யாணம் செய்துகொண்டான். அதே கட்டிடத்தில் முதல் மாடியில் குடிவந்தார்கள். வந்த ஓரகத்தியைக் குடும்பத்தில் எல்லோரும் சின்னவள் என்று கூப்பிட்டார்கள். பெண்கள் சலூனில் முடி வெட்டுகிற வேலை. நாள் முழுக்கக் கண்ணாடியில் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பழகியவள். சிரித்தால் பல் வரிசை அப்படியே ஒளிவிடும். முன்பல் இரண்டுக்கும் நடுவே நூல் நுழைகிற மாதிரி ஓர் இடைவெளி. எத்தனையோ பல் செய்த பல்லக்காவுக்கு, இதை மட்டும் நம்மால் செய்ய முடியாது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அதுவே முதல் குத்து.

சின்னவள் முதலில் புருஷனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு ஆட்டத்தை வேடிக்கை பார்த்தாள். பல்லக்காவிடம் ஏதோ சந்தேகம் கேட்டாள். பார்க்கப் பார்க்கப் புரிந்துவிடும் என்று பல்லக்கா சொல்லிவிட்டாள். பார்த்துப் பார்த்தே புரிந்துகொண்டு அவளும் ஆட உட்கார்ந்தாள்.

ஏறத்தாழ அதே சமயத்தில்தான், மேசையில் இன்னொருவரான மருந்துக்கடைக்காரர் ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்தார். அலுமினியப் பெட்டி, உள்ளே வரிசை வரிசையாகக் கனமான சில்லுகள். இனிமேல் ஆளுக்கு இருநூறு பிளைண்ட் வைத்து ஆடலாம், பத்து நிமிஷத்தில் தோற்றுவிட்டு மாடிக்குப் போக வேண்டாம் என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். பல்லக்காவுக்கும்தான். நிறையச் சில்லு என்றால் நிறைய ஜெயிக்கலாம் என்று நினைத்தாள்.

அந்த ஞாயிறே அவளுக்கு ஏஸ் ஜோடி வந்தது. முதல் இரண்டு சீட்டில் அதற்கு மேல் எதுவும் கிடையாது. பந்தயத்தை ஏற்றினாள். சின்னவள் மட்டும் கூட வந்தாள். நடுவில் ராஜா, ஒன்பது, ஐந்து திறந்தது. பல்லக்கா கட்டினாள், சின்னவளும் ஈடு கட்டினாள். நாலாவது சீட்டு ஒன்றுக்கும் உதவாத இரண்டு. பல்லக்கா மறுபடி கட்டினாள். இந்தத் தடவை சின்னவள் அதற்கு மூன்று மடங்கு வைத்தாள். பல்லக்கா பழைய வழக்கப்படி மொத்தத்தையும் தள்ளினாள். சின்னவள் ஈடு கட்டிவிட்டுச் சீட்டைத் திருப்பினாள். இரண்டு ஐந்து. நடுவில் கிடந்த ஐந்தோடு சேர்ந்து மூன்று ஐந்து; எந்த ஜோடியையும் மூன்று வென்றுவிடும், கடைசிச் சீட்டும் பல்லக்காவுக்கு உதவவில்லை. மலை மாதிரி இருந்த சில்லு ஒரே ஆட்டத்தில் மேசையின் அந்தப் பக்கம் போனது.

அதிர்ஷ்டம் என்று பல்லக்கா நினைத்தாள். அடுத்த வாரம் ராஜா ஜோடியை வைத்துக்கொண்டு அதே மாதிரி தோற்றாள். அதற்கடுத்த வாரம் ராணி ஜோடி. கதவுப் பலகையில் சின்னவள் என்ற பேர் வந்தது, போகவே இல்லை. அதன் ஓரத்தில் யாரோ ஒரு பூ வேறு வரைந்துவைத்தார்கள். பல்லக்கா பேர் அத்தனை வருஷம் இருந்தும் ஒருத்தரும் பூ வரைந்ததில்லை.

அதன் பிறகு சின்னவள் செய்ததெல்லாம் குற்றமாகப் பட்டது. அவள் சில்லுகளை விரலுக்கிடையில் உருட்டும் விதம், தோற்றவரைப் பார்த்து "அய்யோ, பாவம்" என்று சொல்லும் குரல், ஆட்டம் நடுவில் டிரைவிங் ஸ்கூல்காரரின் கிருதாவைப் பார்த்து ஒரு பக்கம் ஏறியிருக்கிறது என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தது. ஒருநாள் சாப்பிடும்போது புருஷன், சின்னவள் நல்ல நிதானமாக ஆடுகிறாள் என்று சும்மா சொல்லிவைத்தார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது தடவை குழம்பு விழவில்லை.

கூடத்திலும் மனசு அங்கேயே நின்றது. ஒரு பெரியவருக்கு மேல்வரிசை செய்துகொண்டிருந்தாள். மெழுகில் இழைத்து முடித்ததும் கூடத்தின் மேலாளர் எடுத்துப் பார்த்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இந்த இடைவெளியை யார் கேட்டார்கள் என்றார். பல்லக்கா வாங்கிப் பார்த்தாள். சாந்து அச்சிலிருந்து சின்னவள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மெழுகை விளக்கில் காட்டி உருக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை அந்த அறையில் கோப்பைக்கு ஆட்டம் நடக்கும். புதுப் பெட்டி வந்ததால் இந்த வருஷம் எல்லோரும் இருநூறு பிளைண்டோடு ஆரம்பித்தாலும், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பிளைண்டை உயர்த்திக்கொண்டே போவார்கள். அதனால் போகப் போக எல்லோர் கையும் சிறுத்துவிடும். கடைசி நேரத்தில் ஆளுக்குப் பத்துப் பதினைந்து பிளைண்ட் மிஞ்சினாலே பெரிய விஷயம்.

கோப்பை ஆட்டத்துக்கு முந்தின நாள் சின்னவள் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். பல்லக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கேட்காமலே எதிரில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். நிறையச் சில்லு இருக்கும்போது தனக்கு ஒரு பயமும் இல்லை, ஆனால் கையில் கம்மியாக இருந்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை என்றாள்.

"நீங்கதான் அதுல பெரிய ஆளுன்னு எல்லாரும் சொல்றாங்க, அக்கா. பத்து பிளைண்ட் இருக்கும்போது ஏஸும் ராஜாவும் வந்தா என்ன பண்ணணும்?"

பல்லக்காவுக்கு விடை நாக்கு நுனியில் இருந்தது. தள்ளு, யோசிக்காதே, மொத்தத்தையும் தள்ளு. இத்தனை வருஷம் அவள் ஜெயித்ததே அதனால்தான். கையில் இருந்த துண்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கம்மியா இருக்கும்போதுதான் பொறுமை வேணும்," என்றாள். "ஏஸ், ராஜாவெல்லாம் பாக்கத்தான் அழகு. அது ஜோடி இல்லயே. உனக்கு முன்னாடி யாராவது ஏத்தினா சீட்டைக் கவுத்துடு. ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ வர்ற வரைக்கும் காத்திரு."

சின்னவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். போகும்போது, மடித்த துணியை அலமாரியில் அடுக்கிவைத்துவிட்டுப் போனாள். அவள் படியிறங்கும் சத்தம் தேய்ந்த பிறகும் பல்லக்கா அந்த அலமாரியைத் திறக்கவில்லை.

கோப்பை ஆட்டத்தில் முதல் பாதி முழுக்கச் சின்னவள் கைதான் ஓங்கியிருந்தது. பல்லக்கா நல்ல சீட்டு வராமல் ஒதுங்கியே இருந்தாள். அதுவே அவளைக் காப்பாற்றியது. பிளைண்ட் ஏற ஏற ஆள் குறைந்தார்கள். ஐந்து பேர் மிஞ்சியபோது சின்னவளிடம் ஒன்பது பிளைண்ட்தான் இருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் பந்தயத்தை ஏற்றினார். சின்னவள் தன் சீட்டை ஓரம் தூக்கிப் பார்த்தாள். பல்லக்காவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கவிழ்த்துவிட்டாள். அதற்குப் பிறகும் காத்திருந்தாள். முறை வந்தபோதெல்லாம் பிளைண்ட் கட்டிக் கட்டி அவள் சில்லு மழையில் கரைகிற மண் மாதிரி கரைந்தது. கடைசியில் மிஞ்சிய ஒன்றிரண்டு சில்லை நாலு, எட்டு என்ற சீட்டுகளை வைத்துக்கொண்டு வேறு வழியில்லாமல் போட்டுத் தோற்றாள்.

பல்லக்கா தன் ஆட்டத்தை ஆடினாள். ஜாக்கி ஜோடி வந்தது, தள்ளினாள். ஏஸும் ராஜாவும் வந்தது, தள்ளினாள். கோப்பை அவளுக்குத்தான். ஆனால் அவள் கோப்பையை வாங்கும்போது பாதிப் பேர் சின்னவளைச் சுற்றி நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஜெயித்த அன்றும் பல்லக்காவுக்கு வயிறு எரிந்தது.

மருந்துக்கடைக்காரர் பெட்டியை மூடிக்கொண்டே, அந்த ஒன்பது பிளைண்டில் என்ன சீட்டைக் கவிழ்த்தாய் என்று சின்னவளைக் கேட்டார். ஏஸும் ராஜாவும் என்றாள். அதைப் போய் யாராவது கவிழ்ப்பார்களா, அந்த இடத்தில் அதைவிட நல்லது எப்போது வரப்போகிறது, உனக்கு யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்றார் அவர். சின்னவள் பல்லக்கா பக்கம் திரும்பவே இல்லை. தன் புருஷன் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஞாயிறு ஆட்டத்துக்கு வரவில்லை. படியில் எதிர்ப்பட்டால், "வாங்கக்கா" என்பாள், நிற்க மாட்டாள். கொழுந்தன் வந்து, அண்ணி, அவளுக்கு என்ன கோபம் என்று உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றாள். கதவுப் பலகையிலும் பல்லக்கா பேர் வந்தபாடில்லை. சின்னவள் இல்லாத மேசையிலும் பல்லக்கா தோற்றுக்கொண்டுதான் இருந்தாள். இந்தத் தடவை அவள் ஏஸ் ஜோடியை மருந்துக்கடைக்காரரின் மூன்று ஏழு தின்றது. அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாக உறைத்தது, பழிபோட எதிரில் சின்னவள்கூட இல்லையே என்று.

ஒரு வேலை நாளில் கூடத்திலிருந்து சீக்கிரம் கிளம்பி சலூனுக்குப் போனாள். அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் சின்னவள் எழுந்து போக முடியாது என்பதுதான் அவள் கணக்கு. சின்னவள் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டாள். கொஞ்சம் இறுக்கமாகவே போட்டாள். நீளம் எவ்வளவு எடுக்கணும் என்று மட்டும் கேட்டாள். கத்தரிக்கோல் காதோரம் ஓடியது. இருவரும் கண்ணாடியில்தான் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் சொன்னது தப்பு," என்றாள் பல்லக்கா. "தெரிஞ்சேதான் சொன்னேன்."

கத்தரிக்கோல் நின்றது.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. நீங்க ஒருநாளும் ஏஸ், ராஜாவைக் கவுத்ததில்ல. கவுக்கச் சொன்னதும் சந்தேகம் வந்துச்சு. இருந்தாலும் நீங்க சொன்னீங்கன்னு கவுத்தேன்."

"ஏன் கவுத்தே?"

"அக்கான்னு கூப்பிடுறேன்ல. அதான்."

சின்னவள் சீப்பால் முடியை வாரி மறுபடி வெட்டத் தொடங்கினாள். வெட்டிக்கொண்டே, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அக்கா தோற்க ஆரம்பித்தது தான் வந்ததால் இல்லை, பெட்டி மாறியதால். கொஞ்சச் சில்லில் ஏஸ் ஜோடி என்றால் மொத்தத்தையும் போடலாம். ஆனால் இருநூறு பிளைண்டுக்கும் எதிராளி துணிந்து வருகிறார் என்றால் அவர் கையில் வெறும் ஜோடியா இருக்கும்? இரண்டு ஐந்து மாதிரி சின்ன ஜோடியோடு தான் உள்ளே வருவதே, மூன்றாவது ஐந்து விழுந்தால் அக்கா விடவே மாட்டார் என்று தெரிந்துதான். விழாவிட்டால் கொஞ்சம் போகும், விழுந்தால் எல்லாம் வரும். ஏஸ் ஜோடியும் கடைசியில் ஒரு ஜோடிதான். அக்கா அதைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்.

"அதுவும் என்கிட்ட மட்டும் விடவே மாட்டீங்க. மத்தவங்க ஏத்தினா யோசிப்பீங்க. நான் ஏத்தினா உங்க முகமே மாறிடும்."

"வயித்தெரிச்சல்," என்றாள் பல்லக்கா. சொல்லிவிட்டபின் அது அவ்வளவு பெரிய வார்த்தையாகத் தெரியவில்லை.

"எனக்கும்தான்," என்றாள் சின்னவள். "கையில எட்டு சில்லு வச்சுக்கிட்டு நீங்க தள்ளுற அழகு இருக்கே. எனக்குக் கை நடுங்கும். வீட்டுக்குப் போய் அவர்கிட்ட உங்களைத் திட்டித் தீர்ப்பேன்."

பல்லக்கா கண்ணாடியில் அவளை நிமிர்ந்து பார்த்தாள். என்னவென்று திட்டினாய் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டுவிட்டாள். சின்னவள் சொன்னாள். அதில் ஒன்றிரண்டு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அடுத்த நாற்காலியில் இருந்த அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையை ஆட்டி, வெட்டுகிறவளிடம் திட்டு வாங்கினாள்.

மன்னிப்பு என்ற பேச்சு அங்கே எழவில்லை. அடுத்த ஞாயிறு சின்னவள் மேசைக்கு வந்தாள், அவ்வளவுதான். பல்லக்கா இந்தத் தடவை உண்மையைச் சொல்லிக்கொடுத்தாள். பத்து பிளைண்ட் இருக்கும்போது ஏஸும் ராஜாவும் வந்தால் கை நடுங்கினாலும் தள்ளு, நடுங்குகிற கையாலேயே தள்ளு என்றாள். தான் மட்டும், சில்லு மலையாக இருக்கும்போது பெரிய ஜோடியை விடுவதற்குப் பழகிக்கொண்டிருந்தாள். அது பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. பல் விஷயம் தெரிந்தவள் சொல்வதால் நம்பலாம்.

பொறாமை போய்விட்டதா என்றால் போகவில்லை. சின்னவள் முதல் தடவையாக எட்டு பிளைண்டைத் தள்ளி ஜெயித்தபோது பல்லக்கா கை தட்டினாள். தட்டும்போதே, தான் பல வருஷத்தில் கற்றதை இவள் ஒரே மதியத்தில் செய்துவிட்டாளே என்று உள்ளே சுருக்கென்றது.

சமீபத்தில் ஒரு ஞாயிறு. இருவரிடமும் நிறையச் சில்லு. பல்லக்காவுக்கு ராஜா ஜோடி. நடுவில் எட்டு, ஆறு, மூன்று விழுந்தது. அவள் கட்டினாள். சின்னவள் மொத்தத்தையும் தள்ளினாள். மருந்துக்கடைக்காரர் தேநீர் டம்ளரை அந்தரத்தில் பிடித்தபடி இருந்தார். பல்லக்கா எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. முன்பல் இடைவெளிகூடத் தெரியவில்லை. மூன்று எட்டா, மூன்று ஆறா, அல்லது ஒன்றுமே இல்லையா? கடைசியில் ராஜா ஜோடியைக் கவிழ்த்துவிட்டாள். சின்னவள் தன் சீட்டைக் காட்டாமல் கட்டோடு சேர்த்துக் கலைத்தாள்.

அன்று இருவருமே ஜெயிக்கவில்லை. பலகையில் டிரைவிங் ஸ்கூல்காரர் பேர் ஏறியது. படியேறும்போது பல்லக்கா, என்ன வச்சிருந்தே என்று கேட்டாள். சின்னவள் சிரித்துவிட்டு முதல் மாடியில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் பல்லக்கா கொழுந்தனைப் பிடித்து, எப்படியாவது கேட்டுச் சொல் என்றாள்.

"எனக்கே சொல்ல மாட்டேங்குறா, அண்ணி," என்றான் அவன்.

பல்லக்கா மேலே ஏறினாள். புருஷன் கதவைத் திறந்து, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்ல சீட்டை விட்டுவிட்டேன் என்றாள். தோற்றுவிட்டாயா என்றார். தெரியவில்லை என்றாள். அதைச் சொல்லும்போது, சின்னவள் மாதிரி ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளத் தன்னால் ஒருநாளும் முடியாதே என்று அவளுக்கு மறுபடி வயிறு எரிந்தது.